பர்லியாறு: கணக்கில் விடுபட்ட பதினான்கு ஆண்டுகள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையில் அரசின் பழப்பண்ணைகள் இரண்டு இருக்கின்றன. அடிவாரத்தில் கல்லாறு, வளைவுகளைக் கடந்து மேலே போனால் பர்லியாறு. இரண்டையும் சேர்த்தாலும் நாற்பது ஏக்கரை எட்டாது. பர்லியாறு பண்ணை 1871-ல் பிறந்தது, கல்லாறு பண்ணை 1900-ல் பிறந்தது என்பது தோட்டக்கலைத் துறையின் கணக்கு. சுற்றுலாக் கையேடுகளும் செய்தித்தாள்களும் இதையே திருப்பிச் சொல்கின்றன. மங்குஸ்தான், துரியன், ஜாதிக்காய், கிராம்பு என்று மரங்களின் பட்டியலும் தவறாமல் வரும். அந்த மரங்கள் எங்கிருந்து வந்தன, யார் நட்டார்கள், யாருக்கு விற்க நட்டார்கள் என்பதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

அந்த ஒரு வரியைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

முதல் பிடி டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த நீலகிரி கெசட்டியரில் கிடைத்தது. 1908-ல் வெளியான நூல் அது. அரசுத் தோட்டங்களைப் பற்றிய பகுதியில் பர்லியாற்றுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார். 1871-ல் அரசாங்கம் அந்தத் தோட்டத்தை ‘வாங்கியது’ என்கிறது அந்தப் பத்தி. அப்படியானால் அதற்கு முன்பே அங்கே விற்பதற்கு ஒரு தோட்டம் இருந்திருக்கிறது, விற்க ஓர் ஆளும் இருந்திருக்கிறார். அவர் பெயரையும் பிரான்சிஸ் தருகிறார்: ஈ. பி. தாமஸ், கோயம்புத்தூர் கலெக்டர். தோட்டம் போட்ட ஆண்டு 1857.

ஆக, பலகையில் எழுதும் வயதில் பதினான்கு ஆண்டுகள் விடுபட்டிருக்கின்றன. இது வெறும் ஆண்டுக் கணக்குப் பிழை இல்லை. அரசு ஆராய்ச்சித் தோட்டமாகப் பிறந்ததாக நாம் நம்பும் ஓர் இடம், ஒரு தனிமனிதரின் சொந்தத் தோட்டமாகப் பிறந்திருக்கிறது. அந்தத் தனிமனிதர் மாவட்டத்தின் நிலம் முழுவதற்கும் பொறுப்பான அதிகாரியாகவும் இருந்திருக்கிறார்.

அந்தப் பதினான்கு ஆண்டுகள் ஏன் காணாமல் போயின என்பதற்கு விடை, காகிதங்கள் அடுக்கப்பட்ட முறையிலேயே இருக்கிறது. நீலகிரி தனி நிர்வாகமானது 1868-ல். அதன் முதல் கமிஷனர் ஜே. டபிள்யூ. பிரீக்ஸ். அதற்கு முன்பு மலை கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதி. அதனால் 1857-ஐ நீலகிரி என்று தலைப்பிட்ட தொகுதிகளில் தேடிப் பயனில்லை. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அமர்ந்தால் கோயம்புத்தூர் மாவட்டப் பதிவேடுகளையும் வருவாய் வாரிய நடவடிக்கைகளையும்தான் கேட்டு வாங்க வேண்டும். அங்கேயும் ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒரு தொகுதியில் இருந்தது போல அடுத்ததில் இருக்காது. அகர வரிசைக் குறிப்பை நம்பாமல் பக்கம் பக்கமாக விரல் வைத்து வர வேண்டும். பர்லியாற்றை நீலகிரியின் பெருமையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அதன் பிறப்புச் சான்றிதழ் இருப்பதோ கோவைக் கட்டில்.

கலெக்டரே தோட்டக்காரர் என்பது ஆய்வாளருக்கு ஒரு வகையில் வசதி. தரிசும் புறம்போக்கும் எந்த அலுவலகத்தின் கையெழுத்தில் கைமாறுமோ, அந்த அலுவலகத்தின் தலைவர்தான் மரமும் நடுகிறார். அவருடைய அரசாங்கக் கடிதங்களையும் தோட்டக்காரராக அவருக்கு இருந்த அக்கறையையும் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்கலாம். அதிகாரமும் ஆர்வமும் ஒரே ஆளிடம் குவிந்திருந்த காலம் என்பதை மறந்துவிட்டு இந்தத் தோட்டத்தின் கதையைச் சொல்லக் கூடாது.

1857-ம் தற்செயலான ஆண்டு இல்லை. ஹியூ கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டது 1856 டிசம்பரில். சென்னையின் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835 முதலே இயங்கி வந்தது. கிளெக்ஹார்ன் அதிலும் முன்னின்றவர். 1861-ல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலின் பெயரிலேயே தென்னிந்தியாவின் காடுகளும் தோட்டங்களும் சேர்ந்து நிற்கின்றன. குன்னூர்ச் சரிவுகளில் அதற்கு முன்பே காப்பித் தோட்டங்கள் வந்துவிட்டன. 1860-ல் கிளமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து சின்கோனாக் கன்றுகளோடு நீலகிரிக்கு வந்தார். ஒரு கண்டத்தின் மரத்தை இன்னொரு கண்டத்தில் நட்டுப் பணமாக்க முடியுமா என்று பேரரசு முழுக்கச் சோதித்துக்கொண்டிருந்த பத்தாண்டு அது. மேல்மலையில் காப்பியும் சின்கோனாவும் என்றால், வெக்கையும் ஈரமும் கலந்த கீழ்ச்சரிவில் என்ன போடலாம் என்ற கேள்விக்குத் தாமஸ் எழுதிய விடைதான் பர்லியாறு.

இடத் தேர்வு அபாரமானது. கோவைச் சமவெளி மழைமறைவுப் பிரதேசம். மேட்டுப்பாளையத்தைத் தாண்டும்வரை சோளக்காடும் கிணற்றுத் தோட்டமும்தான். கல்லாற்றில் சட்டென்று காற்று மாறும். கிழக்கு பார்த்த சரிவு ஆகையால் ஐப்பசி, கார்த்திகை மழை முகத்தில் அடிக்கும். ஆடி மாதச் சாரலும் ஓரளவு எட்டும். ஓடைத் தண்ணீர் கோடையிலும் வற்றாமல் வரும். மலாய் நாட்டுக் காலநிலையின் ஒரு துண்டு கொங்கு நாட்டின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடப்பதை அந்த மனிதர் கண்டுபிடித்திருக்கிறார். அந்தக் கண்ணை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் அந்தச் சரிவில் பழம் பார்த்த முதல் ஆள் அவர் இல்லை. பர்லியாற்றைச் சுற்றி இருளர் ஊர்களும் குறும்பர் ஊர்களும் உண்டு. கீழ்ச்சரிவு இருளர் ஊர்களை ஒட்டி வாழையும் பலாவும் விளைந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களே பதிவு செய்கின்றன. கல்லாறு, ஓடந்துறை, நெல்லித்துறைப் பக்கம் பாக்குத் தோப்புகள் பேர் பெற்றவை. இவையெல்லாம் சந்தைக்குப் போன விளைச்சல்தான். எச். பி. கிரிக் 1880-ல் எழுதிய நீலகிரி மாவட்டக் கையேட்டில் பழங்குடிகளுக்குத் தனி அத்தியாயம், பயிர்களுக்குத் தனி அத்தியாயம். மலேயாவின் மரத்தை இங்கே குழி வெட்டி நட்டு, தண்ணீர் விட்டு, கரடியிடமிருந்தும் குரங்கிடமிருந்தும் காத்தவர்கள் அந்த இரண்டு அத்தியாயங்களுக்கும் நடுவில் பெயரில்லாமல் விழுந்துவிட்டார்கள். இந்தத் தோட்டத்தின் வரலாற்றில் பெரிய ஓட்டை எது என்று என்னைக் கேட்டால், 1857-ஐ விட இதைத்தான் காட்டுவேன்.

அடுத்த கேள்வி, கன்றுகள் எங்கிருந்து வந்தன என்பது. இங்கே காகிதத்தை மூடிவைத்துவிட்டு மரத்தையே விசாரிக்க வேண்டியிருக்கிறது.

மங்குஸ்தான் ஒரு விசித்திரமான சாட்சி. அதன் விதை மகரந்தச் சேர்க்கையால் உண்டாவதில்லை. தாய்மரத்தின் திசுவிலிருந்தே முளைக்கரு உருவாகிறது. அதனால் விதையிலிருந்து வரும் ஒவ்வொரு கன்றும் தாயின் நகல். மரபணுவைக் கொண்டு ஊர் கண்டுபிடிக்கலாம் என்றால், உலகெங்கும் இந்த மரங்களுக்கிடையே வேறுபாடு மிகக் குறைவு. தண்டில் ஆண்டு வளையம் எண்ணலாம் என்றால், எப்போதும் இலை விட்டுக்கொண்டிருக்கும் வெப்பமண்டல மரத்தில் வளையம் தெளிவாக விழாது. ஆனால் ஒரு குறை அதைக் காட்டிக்கொடுக்கிறது. மங்குஸ்தான் விதைக்கு உலர்ச்சி ஆகாது. பழத்திலிருந்து எடுத்து வைத்தால் சில நாட்களில் செத்துவிடும். பழத்துக்குள்ளேயே விட்டுவைத்தால் மூன்று வாரம், மிஞ்சினால் ஐந்து வாரம் உயிர் பிழைக்கும். பொட்டலம் கட்டித் தபாலில் அனுப்பிய விதையிலிருந்து பர்லியாற்று மரம் வந்திருக்கவே முடியாது.

எனவே வழி இரண்டுதான். ஒன்று, பினாங்கு அல்லது மலாக்காவிலிருந்து கப்பலில் உயிருள்ள கன்றாக வந்திருக்க வேண்டும். லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு 1829-ல் கண்டறிந்த மூடிய கண்ணாடிப் பெட்டி முறை அப்போது நடைமுறைக்கு வந்துவிட்டிருந்தது. கடலின் உப்புக் காற்று படாமல், பெட்டிக்குள் சுற்றும் ஈரத்திலேயே கன்றுகள் மாதக்கணக்கில் பயணம் செய்தன. இரண்டாவது வழி இன்னும் பக்கம்: குற்றாலம்.

குற்றாலத்தை இந்தக் கதைக்குள் கொண்டுவர ஒரு போரின் வழியாக வர வேண்டும். ஜாதிக்காய் விளைந்த பாண்டா தீவுகளை டச்சுக்காரர்கள் இருநூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறையத் தங்கள் பிடியில் பூட்டி வைத்திருந்தார்கள். 1796-ல் ஆங்கிலேயர் அந்தத் தீவுகளைக் கைப்பற்றினார்கள். உடனே கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தாவரவியலாளரை மொலுக்காத் தீவுகளுக்கு அனுப்பிக் கன்றுகளை அள்ளினார்கள். பினாங்குக்கும் இந்தியாவுக்கும் கப்பல் கப்பலாகப் போயின ஜாதிக்காயும் கிராம்பும். அந்த அலை கரை தொட்ட இடங்களில் ஒன்று குற்றாலம். திருநெல்வேலிச் சீமையில் கம்பெனியின் வணிகப் பிரதிநிதியாக இருந்த காசாமேஜர் 1800-களின் தொடக்கத்திலேயே அங்கே வாசனைப் பொருள் தோட்டங்கள் போட்டார். ஜாதிக்காய், கிராம்பு, பட்டையோடு மங்குஸ்தானும் அங்கே வேரூன்றியது. தாமஸ் பர்லியாற்றில் குழி வெட்டியபோது குற்றாலத்துத் தோட்டங்களுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

குற்றாலத்திலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மாட்டுவண்டியில் இரண்டு வாரம், கூடினால் மூன்று வாரம் ஆகும். பழத்துக்குள் இருக்கும் விதை தாங்கும் காலம் அது. என் சாய்வு குற்றாலத்தின் பக்கம்தான். ஒரு மாகாணத்தின் இரண்டு அதிகாரிகளுக்கிடையே பழக்கூடை போய்வருவது, கடல் தாண்டிக் கண்ணாடிப் பெட்டி தருவிப்பதைவிட எளிது. இது ஊகம். ஆனால் விதையின் ஆயுளை வைத்துப் போட்ட ஊகம். திருநெல்வேலிப் பதிவேடுகளையும் கோவைப் பதிவேடுகளையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

இப்போது வாணிபத்துக்கு வருவோம். 1857-ல் மேட்டுப்பாளையத்துக்கு ரயில் இல்லை. சென்னையிலிருந்து பேப்பூர் போகும் இருப்புப்பாதை போத்தனூர் வழியாக ஓடத் தொடங்கியதே 1862-ல்தான். போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளை வந்தது 1873. மலைரயில் குன்னூர் தொட்டது 1899 ஜூனில். பல்சக்கரத் தண்டவாளம் தொடங்குகிற நிலையம் கல்லாறு. அங்கிருந்துதான் வண்டி பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி என்று செங்குத்தாக ஏறும். இந்த ஆண்டுகளைத் தோட்டங்களின் ஆண்டுகளோடு சேர்த்துப் பாருங்கள். அரசாங்கம் பர்லியாற்றை வாங்கிய இரண்டாம் வருடம் மேட்டுப்பாளையத்துக்கு ரயில். மலைரயில் ஓடிய மறுவருடம் கல்லாற்றில் புதுத் தோட்டம், அதுவும் நிலையத்தை ஒட்டி. மேல் தோட்டத்தில் பிழைத்ததைக் கீழே கொண்டுவந்து, வண்டியில் ஏற்றும் தூரத்தில் பெருக்குவது என்ற திட்டம் எனக்கு இந்த வரிசையில் தெளிவாகத் தெரிகிறது. கல்லாற்றில் ரப்பர் மரங்களையும் வைத்துப் பார்த்தார்கள். உலகமே ரப்பருக்கு அலைந்த நேரம் அது. ரப்பர் இங்கே பெரிதாக எழவில்லை, பழமும் வாசனைப் பொருளும் நிலைத்தன.

மங்குஸ்தான் தோப்பு ஏன் கொங்கு நாடு முழுக்கப் பரவவில்லை என்பதற்கு எஃப். ஏ. நிக்கல்சனின் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைப் படித்தால் விடை தெரியும். 1887-ல் வந்த நூல். இந்த மாவட்டத்துக் குடியானவர் கிணறு வெட்டக் கொட்டிய உழைப்பையும் கடனையும் அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்த ஆங்கில அதிகாரி வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை. பின்னாளில் கூட்டுறவுக் கடனைப் பற்றி அவர் எழுதிய அறிக்கைக்கு விதை இங்கே விழுந்திருக்க வேண்டும். கடன் வாங்கிப் பாறை உடைத்துத் தண்ணீர் கண்ட கவுண்டருக்கு அந்த வருடமே மகசூல் வேண்டும். மங்குஸ்தான் விதைக்கன்று எட்டு, பத்து வருடம் காக்கவைக்கும், சில இடத்தில் அதற்கும் மேலே. ஜாதிக்காய் ஏழு வருடம் கழித்துப் பூத்த பிறகுதான் ஆண்மரமா பெண்மரமா என்றே தெரியும். பாதி ஆணாகப் போனால் வெட்டித் தள்ள வேண்டியதுதான். கலெக்டர் காத்திருக்கலாம், சர்க்கார் காத்திருக்கலாம். வட்டி காத்திருக்காது.

அதனால் மேட்டுப்பாளையம், சிறுமுகை, சத்தியமங்கலம் என்று பவானிக் கரை நெடுக வணிகப் பழமாக வென்றது வாழை. பத்து, பன்னிரண்டு மாதத்தில் தார் வெட்டலாம். நேந்திரனும் கதலியும் ஓணத்துக்குக் கேரளம் போகும். பாலக்காட்டுக் கணவாய் பக்கத்திலேயே திறந்து கிடக்கிறது. மேட்டுப்பாளையத்து வாழைத்தார் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு சிறு நகரத்தின் பழ வாணிபம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கே. சி. நாயக் 1949-ல் எழுதிய தென்னிந்தியப் பழங்கள் பற்றிய பெருநூலில் வாழைக்கும் மாவுக்கும் உள்ள இடத்தையும் மங்குஸ்தானுக்கு உள்ள இடத்தையும் ஒப்பிட்டாலே நிலவரம் புரிந்துவிடும்.

இருந்தாலும் பர்லியாறு தோற்ற கதை என்று முடித்துவிட முடியாது. அதன் வெற்றி வேறு ஊரில், நூறாண்டு கழித்து வந்தது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளுக்குள் இன்று ஜாதிக்காய் ஊடுபயிராக நிற்கிறது. தென்னையின் நிழல் அதற்கு மலைச்சரிவின் நிழலாகிவிட்டது. தென்னை வருமானம் வந்துகொண்டிருப்பதால் ஏழு வருடம் காத்திருப்பதும் பாரமாக இல்லை. ஒட்டுக்கட்டிய கன்று வந்துவிட்டதால் ஆணா பெண்ணா என்ற சூதாட்டமும் ஒழிந்தது. 1857-ல் ஒரு கலெக்டர் கண்ட வாணிபக் கனவு நிறைவேற, தென்னை வளர்க்கும் குடியானவரும் ஒட்டுக்கட்டும் கைத்திறனும் சேர வேண்டியிருந்தது.

பண்ணைகளுக்குள் வாணிபம் வேறு முகம் கொண்டது. பழத்தை அரசே விற்பதைவிட மரத்தின் விளைச்சலை ஏலம் விடுவது வழக்கமாயிற்று. எடுத்தவர் பறித்துச் சாலையோரக் கடைகளுக்குத் தருவார். துரியன் ஆடி, ஆவணி வாக்கில் விழும். அந்திக்குப் பிறகு விரியும் பூ, வௌவால் வந்து சேர்க்கை செய்ய வேண்டும், அதனால் எந்த வருடமும் காய்ப்பு நிச்சயமில்லை. குழந்தை வரம் தரும் என்ற நம்பிக்கையால் தூர ஊர்களிலிருந்து தம்பதிகள் அதைத் தேடி வருகிறார்கள். மருத்துவம் இதற்குச் சான்று தரவில்லை, விலையை ஏற்றியது அந்த நம்பிக்கைதான். பர்லியாற்றுக் கடையில் ஓர் அம்மா சொன்னார்: “துரியன் இங்க அடுக்கி வெச்சு விக்கறதில்லீங்க. முன்னாடியே சொல்லி வெச்சிருப்பாங்க. வந்ததும் போன் பண்ணோணும், அவ்வளவுதான்.”

காகிதங்கள் ஏன் சிதறின என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தத் தோட்டங்கள் முதலில் உதகை அரசுத் தோட்ட நிர்வாகத்தின் கீழ், பிறகு வேளாண்மைத் துறையின் கீழ், 1979-ல் தோட்டக்கலை தனித் துறையானதும் அதன் கீழ். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கோப்புகளில் நடப்புக்குத் தேவையானது மட்டும் கூடப் போகும். மீதி பழைய அலமாரியில் கிடக்கும். புதிய அலுவலகம் தன் கையிலுள்ள முதல் கோப்பின் ஆண்டையே பிறந்த ஆண்டாக எழுதிக்கொள்ளும். 1871 நிலைத்தது இப்படித்தான் என்று கருதுகிறேன். அது அரசு வாங்கிய ஆண்டு, ஆகவே அரசுக் கோப்பின் முதல் ஆண்டு.

இந்தத் தேடலுக்கு அவசரமும் வந்துவிட்டது. கல்லாறு யானைகள் கடக்கும் வழித்தடம். பண்ணையை அங்கிருந்து மாற்ற வேண்டும் என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது, பார்வையாளர்களுக்கும் கதவு சாத்தப்பட்டது. யானைக்கு வழி விடுவதே நியாயம். மனிதர் தோட்டம் போடுவதற்கு முன்பே அந்தப் பாதை இருந்தது. ஆனால் பண்ணையைக் காலி செய்வதும் அதன் வரலாற்றைக் காலி செய்வதும் ஒன்றாகிவிடக் கூடாது. இரண்டு தோட்டங்களிலும் உள்ள ஒவ்வொரு பெரிய மரத்துக்கும் எண் கொடுத்து, சுற்றளவு அளந்து, வரைபடத்தில் குறிக்க வேண்டும். அவற்றின் இலையும் பூவும் கோவையிலேயே இருக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்குப் போக வேண்டும். கிளெக்ஹார்ன் காலத்துச் சேகரிப்பிலிருந்து வளர்ந்த இடம் அது. எல்லாவற்றுக்கும் முன்னதாக, பண்ணைகளின் நாற்று விற்பனைப் பதிவேடுகளை யாரும் கழிவுத்தாளாக எடைக்குப் போட்டுவிடாமல் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். எந்த வருடம், எந்த ஊர்க்காரர், எத்தனை ஜாதிக்காய்க் கன்று, எத்தனை மங்குஸ்தான் கன்று வாங்கிப் போனார் என்பது அந்தப் பதிவேடுகளில்தான் இருக்கும். கொங்கு நாட்டுப் பழத்தோட்டங்களின் வரலாற்றை அடுத்து எழுதப்போகிறவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.